ஒன்பது நாள் கடிதம்

காலை 8.10. விமான நிலையத்திலிருந்து வந்த அழைப்பை எடுத்தவர் மொழியியல் துறையின் அலுவலகக் கண்காணிப்பாளர். அடுத்தவர் எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால்கூட இவருக்குத் தூக்கம் வராது. துறையில் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

சொற்பொழிவாற்ற வந்த இலக்கணப் பேராசிரியையை நிறுத்தி வைத்திருப்பதாகக் குடிவரவு அதிகாரி சொன்னார். குறுகிய கால விசாவில் வரும் கல்வியாளர் பயணச் செலவைத் திரும்பப் பெறலாம், மதிப்பூதியமும் வாங்கலாம். ஆனால் ஒரே நிறுவனத்தில் ஒன்பது நாளைத் தாண்டினால் அது வேலை பார்ப்பதாகிவிடும். அம்மையார் கையிலிருக்கும் அழைப்புக் கடிதத்தில் பத்து நாள். மாலை 4.30 விமானத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். ஐந்து வருடத் தடை.

பூதக்கண்ணாடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. விதிகளைக் கரைத்துக் குடித்தவர் அவர். கோப்பை எடுத்துப் பார்த்தார். கடித எண் 47. ‘3ஆம் தேதி முதல் 11ஆம் தேதி வரை.’ ஒன்பதே நாள். உடனே அதன் நகலை அதிகாரிக்கு அனுப்பினார்.

அதுவே வினையாகப் போயிற்று. 8.40க்கு அதிகாரி மறுபடி அழைத்தார்.

“ஒரே நம்பர்ல ரெண்டு கடிதம். அவங்க கையில இருக்கறதை யாரோ திருத்தியிருக்காங்க. யாருன்னு மூணு மணிக்குள்ள எழுத்துல சொல்லுங்க. உங்க ஆளுன்னா அந்தம்மாவை உள்ள விட்டுடறோம், திருத்தினவங்க மேல நடவடிக்கை. இல்லேன்னா கொண்டுவந்தவங்கதான் பொறுப்பு.”

திருத்திய கடிதமும் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது.

வாசலில் பேராசிரியையின் மகள் நின்றிருந்தாள். அதே துறையில் ஆய்வு மாணவி. ஊருக்குப் போனால் திரும்பி வர விசா கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் ஆறு வருடமாகத் தாயைப் பார்க்காதவள். அம்மா ஏதாவது சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

கையெழுத்தைப் படமாக ஒட்டிய கடிதம் அது. கணினி தெரிந்த யாரும் திருத்தலாம். கடிதம் போனது மூன்று பேருக்கு: துறைத்தலைவர், விருந்தினர் விடுதிக்காரர், அம்மாவுக்கு அனுப்பச் சொல்லி மகள். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒன்றுதான், முடிவுத் தேதி தவிர. புதியதில் ‘12ம் தேதி’ என்றிருந்தது.

9.30. துறைத்தலைவர்.

“கடிதத்தைத் திருத்தினீங்களா சார்?”

“எனக்கு அதைத் திறக்கவே தெரியாது. தெரிஞ்சா உங்களை ஏன்யா நாளைக்குப் பத்துத் தரம் கூப்பிடறேன்?”

அது ஊரறிந்த உண்மை.

11.15. விடுதிக்காரர் பதிவேட்டை விரித்துக் காட்டினார். ‘11-ந் தேதி சாயங்காலம் ரூம் காலி.’ அன்று மாலையே அந்த அறைக்கு வேறு ஆள் வருகிறார். ஒரு நாளைக் கூட்டினால் அவருக்குத்தான் தலைவலி.

1.40. தன் மேசைக்குத் திரும்பிய பூதக்கண்ணாடி, தாள்களுக்கடியில் கிடந்த விடுப்பு விண்ணப்பத்தை உருவினார். போன வாரம் படித்தபோதே கை துறுதுறுத்தது. சின்னப்பெண் என்று விட்டுவிட்டார். ‘எங்கள் அம்மா வருவதால், 3ம் தேதி முதல் 12ம் தேதி வரை…’

பூதக்கண்ணாடி ‘ஆம்’ போடுவார். விடுதிக்காரர் ‘ந்’ போடுவார். வெறும் ‘ம்’ போடுகிறவள் ஒருத்திதான்.

மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அம்மாவின் திரும்பும் விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதினோராம் தேதி நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம் என்றாள்.

“டிக்கெட்ல பன்னெண்டுன்னு இருக்கும். அதனால கடிதத்துலயும் பன்னெண்டு ஆக்கிட்டே. அப்படித்தானே?”

அவள் தலையாட்டினாள். “ரெண்டும் ஒத்துப்போகலேன்னா நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டேன் சார். அம்மாவுக்குத் தெரியாது.”

“எப்பக் கிளம்பறாங்கன்னு யாரும் கேக்கலேம்மா. இங்க எத்தனை நாள் வேலைங்கறதுதான் கணக்கு.”

“என் பேரை எழுதிடுங்க. அம்மா உள்ள வரட்டும்.”

“உன்னை வெளிய அனுப்பிடுவாங்க. ஆய்வேட்டுல இன்னும் ஒரே அத்தியாயம்தானே பாக்கி?”

“தெரியும் சார். எழுதுங்க.”

அவர் எழுதத் தொடங்கினார். எழுதாவிட்டால் தாய்க்குத் தடை, எழுதினால் மகளுக்கு. கண்டுபிடித்துத் தொலைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

2.35. அதிகாரியே அழைத்தார்.

“நீங்க ஒண்ணும் அனுப்ப வேணாம். ரெண்டு கடிதத்தையும் அந்தம்மாகிட்ட காட்டினோம். ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தாங்க. அப்புறம் பேனா கேட்டாங்க. தான்தான் திருத்தினதா எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

பூதக்கண்ணாடிக்குப் புரிந்துவிட்டது. சிறுவயது முதல் அந்தப் பெண்ணின் நோட்டுகளைத் திருத்தியவள் தாய். அவர் பாதி நாள் அலைந்து பிடித்ததை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்துவிட்டாள். அது பொய் வாக்குமூலம் என்றார் அவர். இலக்கணப் பேராசிரியை செத்தாலும் ‘12ம்’ என்று எழுதமாட்டார் என்று ஒற்றெழுத்துவரை விளக்கினார். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

“ஒரு எழுத்தை வெச்சு நான் என்ன சார் பண்றது? இனிமே வேற யாராவது ஒத்துக்கிட்டா ரெண்டு பேருமே மாட்டுவாங்க. அவ்வளவுதான்.”

தானே திருத்தியதாக ஒப்புக்கொண்டால் தடை ஐந்தல்ல, பத்து வருடம். தொலைபேசியில் அம்மாவோடு பேச முடியுமா என்று மகள் கேட்டாள். அந்த அறைக்கு இணைப்புக் கொடுப்பதில்லையாம்.

பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி கணக்குப் போட்டாள்.

“அப்ப அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆயிருக்கும் சார்.”

மணி மூன்று. விமானம் கிளம்ப இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. இருவருக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை.