நகலில் நின்றவர்

அண்ணி கதவைத் திறந்தபோது வெயில் கூடம்வரை வந்திருந்தது. மாடியில்தான் அண்ணனின் எடிட்டிங் அறை. ஒரு படத்தை ஏறக்குறைய முடித்திருந்த நிலையில், அங்கே நாற்காலியிலேயே அவர் உயிர் போய்விட்டது. மிச்ச வேலைக்கு நான் வந்திருக்கிறேன். நானும் எடிட்டர்தான். இன்னும் எனக்கு அழுகை வரவில்லை.

“மேல ஏதாவது சத்தம் கேட்டா கண்டுக்காதம்மா” என்றார் அண்ணி.

அறையில் அண்ணனின் தலைவலித் தைல வாசனை. ஜன்னலில் கறுப்புத் திரை. மேசையில் அவருடைய பழைய கணினி. புது மென்பொருளுக்கு மாறவே மாட்டேன் என்று கடைசிவரை ஒற்றைக்காலில் நின்றவர். அதை ‘வீடியோ கேம்’ என்பார்.

கேமராவிலிருந்து வரும் மூலக் கோப்புகளை அந்தக் கணினி தாங்காது. எடை குறைந்த நகல்கள் செய்து, அவற்றை வைத்துத்தான் வெட்டுவார். ப்ராக்ஸி என்போம். கடைசியில் நகல்களை எடுத்துவிட்டு மூலத்தைப் பொருத்த வேண்டும்.

தயாரிப்பாளர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். “புது மென்பொருள் ஒரிஜினலையே நேரா ஓட்டும்மா. அதுக்கு மாத்திட்டு ப்ராக்ஸியை அழிச்சிடுங்க. அந்தக் கடைசி ஷாட் ஜவ்வா இழுக்குது, பாதியா வெட்டுங்க. முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்.”

அண்ணனின் கடைசி வேலை வேறு யார் கைக்கும் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். சரி என்றேன்.

முதலில் பழைய கணினியில் அந்த ஷாட்டை ஓட்டினேன். கதாநாயகி காலி அறையில் உட்கார்ந்து, திறந்த வாசலையே பார்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

வாசலில் ஓர் ஆள் நின்றிருந்தார்.

படப்பிடிப்பு ஆள் யாரோ தெரியாமல் உள்ளே வந்துவிட்டார் என்று நினைத்து, நான் கொண்டுவந்திருந்த மடிக்கணினியில் மூலக் கோப்பைத் திறந்தேன். அதே ஷாட், அதே நொடி. வாசலில் யாருமில்லை. நகலில் தெளிவு குறையலாம். மூலத்தில் இல்லாத ஆள் எப்படி வருவார்?

மறுபடி நகலை ஓட்டினேன். இப்போது ஓரடி உள்ளே வந்திருந்தார். சட்டையை அடையாளம் தெரிந்தது.

சுடுகாட்டுக்கு எடுத்துப் போகும் முன் நாங்கள் அண்ணனுக்குப் போட்டுவிட்ட சட்டை.

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளுவதுபோல இருந்தது.

அண்ணி படியில் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ.

“வாசல்லதானே நிக்கறார்?” என்று கிசுகிசுத்தார். “உள்ள வரலையே?”

நான் திரையை அவர் கண்ணில் படாமல் திருப்பினேன்.

“அழிச்சிடும்மா. நான் தூங்கணும்.”

வெட்டுகளை எல்லாம் என் மடிக்கணினியில் இருந்த புது மென்பொருளுக்கு மாற்றினேன். மூலத்தைப் பொருத்தினேன். கடைசி ஷாட்டைப் பாதியாக வெட்டிச் சேமித்தேன். பிறகு, யாரை அழிக்கிறேன் என்று தெரிந்தே நகல்களை அழித்தேன். பழைய கணினியை அணைத்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கீழே போய்ச் சாப்பிட்டேன். அண்ணி என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி மேலே வந்து மடிக்கணினியில் படத்தை ஓட்டினேன்.

கடைசி ஷாட் பழைய நீளத்தில் இருந்தது.

ஒரு ஃபிரேம் கூடவில்லை, குறையவில்லை. அண்ணன் விட்டிருந்த அதே இடத்தில் முடிந்தது. வாசலை உற்றுப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.

என் பக்கத்தில் அண்ணனின் காலி நாற்காலி கிறீச்சிட்டது. தைல வாசனை முகத்தில் அடித்தது.

அப்போதுதான் அழுகை வந்தது. அடக்க முடியாத அழுகை.

“வீடியோ கேம்னு கிண்டல் பண்ணீங்களேண்ணா” என்றேன்.

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. விசைப்பலகையில் இரண்டு விசைகள் அமுங்கி எழுந்தன. திரையின் மூலையில், சேமிக்கப்பட்டது என்று வந்தது.