சுரண்டிய முகம்

வோல்க்மார் கத்தியை மேசையில் வைத்த பிறகும் சுரண்டும் சத்தம் நிற்கவில்லை.

ரைன் ஆற்றங்கரை மடத்தில் ஏடெழுதும் அறைக்கு அவன்தான் தலைவன். நேராக ஒரு கோடு போட வராது. வரைகிறவர்களை மட்டம் தட்ட மட்டும் நன்றாக வரும். எதிரே, தோல் ஏடுகளில் எழுதிய வேதாகமச் சங்கீதப் புத்தகம் விரிந்து கிடந்தது. நான்கு வருடம் கண் நோக அதற்குப் படம் தீட்டிய கன்னியாஸ்திரி ஓர்ட்ரூன் போன மாதம் காய்ச்சலில் செத்துப்போனாள். கடைசிப் பக்கத்தின் அலங்காரமான பெரிய முதலெழுத்துக்குள் தூரிகை பிடித்த தன் உருவத்தைக் குட்டியாக வரைந்திருந்தாள். கீழே தன் பெயரை எழுதி, படிக்கிறவர்கள் தன் ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

நாளை புத்தகத்தைப் பார்க்க மறைமாவட்ட ஆயர் வருகிறார். அவள் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டான் இந்த மகான். ஜெபமெல்லாம் இனி அவனுக்கு. படத்திலிருந்த அவள் முகத்தையும் வழித்தாகிவிட்டது.

மதியம் இன்னொரு கன்னியாஸ்திரி இர்மெல் வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, ஓர்ட்ரூன் பேரு அப்படியே இருக்குல்ல? அவளுக்குன்னு ஜெபிக்க வேற நாதியில்ல சாமி."

"பொம்பளை கிறுக்குனதுக்குப் பேரு ஒரு கேடா? போம்மா, போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

இப்போது நினைத்தாலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

சரக். சரக்.

எலியாக இருக்கும் என்று மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டே போக, மைக்கூட்டின் புளித்த நாற்றத்துக்கு மேலாக, ஏடு செய்யக் கன்றுத்தோலை முதன்முதலில் வழிக்கும்போது வருமே, அந்தப் பச்சைத்தோல் வாடை மெல்ல மெல்ல எழுந்து அறையை நிறைத்தது. ஏட்டைத் தொட்டான். உடம்புச் சூடு.

வழித்த இடத்தில் முகம் திரும்ப வந்திருந்தது.

தோல் மையைக் குடித்துவிடும், எவ்வளவு வழித்தாலும் அடியில் கொஞ்சம் தங்கும். தொழில் தெரிந்த எவனுக்கும் தெரிந்த விஷயம்தான். அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் அவள் கையில் தூரிகை இல்லை. கத்தி இருந்தது.

கீழே தன் பெயரைப் பார்த்தான். கடைசி எழுத்தைக் காணோம். சரக். அடுத்ததும் போனது. கன்னம் எரிந்தது. சரக். மூக்கைத் தடவினான். வழுவழுப்பு. கத்தப் பார்த்தான்.

வாய் இல்லை.

ஜெபமணி அடித்தது. இர்மெல் மெழுகுவர்த்தியோடு உள்ளே வந்தாள். அவன் திரும்பினான். மெழுகுவர்த்தி தரையில் விழுந்தது.

"யாரு... யாருய்யா நீங்க?"

சொல்ல வாயும் இல்லை, காட்டப் பெயரும் இல்லை. ஏட்டில் அது இருந்த இடத்தில் ஓர்ட்ரூன் என்று ஈர மை பளபளத்தது. கண்கள் மட்டும்தான் அவனுக்கு மிச்சம். ஏட்டிலிருந்து அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு, கத்தியைத் துடைத்தாள்.