சைரன் மேல் இரண்டாவது புகார்

பிணம் போலீஸ் ஸ்டேஷன் வாசற்படியிலேயே கிடந்தது.

கழுத்து கிழிந்திருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. மேலே போர்த்தியிருந்த சாக்கு போதாமல் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

நான்கு கால்கள்!

"யோவ் ஏட்டு..." தாண்டி உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நின்றார் இன்ஸ்பெக்டர். "யாருய்யா இதைக் கொண்டாந்து இங்கே போட்டது?"

"நான்தான் சார்!"

பெஞ்சிலிருந்து பண்ணைக்காரர் எழுந்தார். சட்டையெல்லாம் ரத்தம். கண்ணெல்லாம் சிவப்பு.

"போன மாசம் என்ன சொன்னீங்க? 'பொணத்தைக் காட்டாம எப்படிய்யா புகார் எழுதறது'ன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டு மூணாவது தடவைதான் எழுதினீங்க. அதான் இந்தத் தடவை கையோட கொண்டாந்துட்டேன். நல்லாப் பார்த்துக்கோங்க!"

இன்ஸ்பெக்டர் சாக்கைத் தூக்கினார். கொழுத்த பெட்டை ஆடு. இடுப்புக்கு மேலே திட்டுத் திட்டாகச் சிவப்பு.

"இங்கேயும் ரத்தமா?"

"அது சாயம் சார். கிடாவோட நெஞ்சுல சாயக் கட்டி வெச்சுப் பட்டை கட்டி விடுவோம். அவன் எந்தப் பெட்டை மேல ஏறினாலும் அது முதுகுல நிறம் விழுந்துடும். நிறம் விழுந்தா அஞ்சு மாசத்துல குட்டி." பண்ணைக்காரரின் குரல் உடைந்தது. "இதுக்கு முதல் சுத்துலயே சிவப்பு விழுந்துடுச்சு சார். வயித்துல குட்டியோட போயிடுச்சு! மிச்சம் இருக்கறதுக்காக நேத்து சாயங்காலம்தான் பச்சைக் கட்டி மாத்தி விட்டேன். விடிஞ்சு பார்த்தா இது வேலியோரமாக் கிடக்குது. எல்லாம் அந்தச் சைரன் வேலை!"

சைரன்!

ஸ்டேஷன் தூணில் கட்டப்பட்டிருந்த பழுப்பு நிற நாய், தன் பெயரைக் கேட்டதும் வாலை ஆட்டியது.

"பொய்!"

தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்த தையல்காரம்மா சீறினாள். கழுத்தில் அளவு நாடா. புடவைத் தலைப்பில் நூல் துணுக்குகள். தைத்துக்கொண்டிருந்தவளை அப்படியே அழைத்து வந்திருந்தார் ஏட்டு.

"ராத்திரி பூரா என் தையல் மிஷின் கால்லதான் சார் கட்டிக் கிடந்தான். வேலிப்பக்கம் பார்த்துக் கத்து கத்துன்னு கத்தினான். நான்தான் 'சும்மா கிடடா'ன்னு அதட்டினேன்."

"கட்டியிருந்ததுக்குச் சாட்சி?"

"நான்தான்!"

"சொந்தக்காரங்க சாட்சி செல்லாதும்மா."

"நான் ஒண்டிக்கட்டை சார். வீட்ல இருக்கறது நானும் இவனும். வேற யாரு சாட்சி சொல்லுவா? மிஷினா?"

இன்ஸ்பெக்டர் ஆட்டைத் தாண்டி வந்து நாற்காலியில் விழுந்தார்.

பண்ணை விலங்குகளை நாய்களிடமிருந்து காப்பாற்ற ஒரு சட்டம் இருந்தது. முதல் புகாருக்கு எச்சரிக்கை. இரண்டாவது புகாருக்கு... ஊசி! அன்றைக்கே. நாய் கடிக்கவில்லை என்று அதன் சொந்தக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். கடித்தது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை!

போன மாதம் ஒன்று. இன்று ஒன்று.

மேலிடத்துக்குப் போன் போட்டார்.

"சார், ஒரு நாள் அவகாசம் கிடைச்சா விசாரிச்சு..."

"நாய் கேஸா? அது கால்நடைப் பிரிவு."

கால்நடைப் பிரிவு சொன்னது: "செத்தது ஆடுன்னா நாங்க. சாகப்போறது நாய்னா நகர நிர்வாகம்."

நகர நிர்வாகம் சொன்னது: "புகார் வாங்கினது யாரு? போலீஸ்தானே? அங்கேயே கேளுங்க!"

டொக்!

"யோவ் ஏட்டு, நான் யாரைத்தான்யா கேக்கறது?"

"எனக்குத் தெரிஞ்சு ஆட்டைத்தான் சார் இன்னும் கேக்கலை."

"வாயை மூடுய்யா!"

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. முன்னால் கால்நடை டாக்டர், கையில் பெட்டியோடு. பின்னால் சடை சடையாய்க் கம்பளிக் கோட்டு போட்ட ஓர் இளைஞன்.

அவ்வளவுதான்!

அதுவரை வாலாட்டிக்கொண்டிருந்த சைரன் துள்ளி எழுந்து கத்தியது. சுவர் அதிர்ந்தது. மேஜை மேலிருந்த டம்ளர் அதிர்ந்தது.

"பேரு வெச்சவங்க தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்க," என்று காதைப் பொத்திக்கொண்டார் ஏட்டு.

"பார்த்தீங்களா சார், எவ்வளவு வெறின்னு?" இளைஞன் சுவரோரமாக ஒதுங்கிப் பண்ணைக்காரரைக் காட்டினான். "நான் இவரோட மச்சான். டவுனுக்குப் போய் மூணு நாளாச்சு. இன்னிக்குக் காலையில பஸ்ஸை விட்டு இறங்கினதும் மாமா போன் பண்ணார். பண்ணைப் பக்கம்கூடப் போகாம நேரா டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். சீக்கிரம் முடிச்சுடுங்க சார், பாவம், ரொம்பத் துடிக்க விடாதீங்க."

டாக்டர் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார்.

"டாக்டர், அதுக்கு முன்னாடி..." இன்ஸ்பெக்டர் வாசற்படியைக் காட்டினார். "ஆட்டோட கழுத்தை ஒரு தடவை பாருங்களேன். நாய் கடிச்சதுதானான்னு சொல்லுங்க."

"எனக்கு வந்த உத்தரவு ஊசி போடத்தான் சார். ஆட்டைப் பரிசோதிக்கணும்னா தனி மனு வேணும்."

"யாரு கொடுக்கணும்?"

"புகார் கொடுத்தவர்."

இன்ஸ்பெக்டர் பண்ணைக்காரரைப் பார்த்தார்.

"எதுக்கு சார்?" பண்ணைக்காரர் வெடித்தார். "கழுத்து கிழிஞ்சிருக்கு. பக்கத்து வீட்ல நாய் இருக்கு. இதுக்கு மேல என்ன பரிசோதனை? ஒவ்வொரு ஆடாக் கொடுத்துட்டு நான் உங்க வாசல்ல மனுவோட நிக்கணுமா?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. அதுதான் இன்ஸ்பெக்டருக்கு எரிச்சலை இன்னும் ஏற்றியது!

தையல்காரம்மா மண்டியிட்டு நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சைரன் அவள் கன்னத்தை ஒரு நக்கு நக்கிவிட்டு, மறுபடி மச்சானைப் பார்த்துக் கத்தியது.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்," என்றார் இன்ஸ்பெக்டர் சுரத்தில்லாமல்.

"நான் போடறேன் சார்!"

மச்சான் முந்திக்கொண்டு வந்து மேஜை மேல் குனிந்தான்.

பின்னால் நின்ற ஏட்டின் கண்கள் விரிந்தன.

"என்ன தம்பி... முதுகுல புல் முளைச்சிருக்கு?"

கம்பளிக் கோட்டின் பின்பக்கம், இடுப்புக்கு மேலே... திட்டுத் திட்டாகப் பச்சை!

மச்சான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். முதுகு தெரியவில்லை. கையால் தடவினான். விரலில் பச்சை ஒட்டியது.

"ஓ... இதுவா? சாயம் சார். போன வாரம் கிடாவுக்குப் பட்டை கட்ட மாமாவுக்கு ஒத்தாசை பண்ணினேன். அப்ப ஒட்டியிருக்கும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மெல்ல அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"போன வாரம்?"

"ஆமா சார். இல்லியா மாமா?"

பண்ணைக்காரர் அவன் விரலில் ஒட்டியிருந்த பச்சையை உற்றுப் பார்த்தார்.

"மச்சான்... போன வாரம் நாம கட்டினது சிவப்புல்ல?"

"சிவப்பா?"

"பச்சையை நேத்து சாயங்காலம்தானே மாத்தினேன். நீ டவுன்ல இருந்தியே... எப்படி ஒட்டுச்சு?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். சைரன்கூடக் கத்துவதை நிறுத்திக் காதை நிமிர்த்தியது!

மச்சானின் கண்கள் வாசலை அளந்தன. ஒரே பாய்ச்சல்... வாசற்படியைத் தாண்டினான். செத்துக் கிடந்த ஆட்டின் கால் தடுக்கித் தலைகுப்புற விழுந்தான்!

ஏட்டு அவன் கோட்டுக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

"சொல்றியா... சைரனை அவிழ்த்து விடட்டுமா?"

"சொல்லிடறேன்! சொல்லிடறேன்!" மச்சான் மூச்சு வாங்கினான். "மாமாவோட ஆடுங்களைத் திருட்டுத்தனமா விக்கறதா டவுன்ல ஒரு வியாபாரிகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். ராத்திரி ஆட்டை ஓட்டிட்டுப் போக எப்ப வந்தாலும் இந்த நாய் கத்தி ஊரைக் கூட்டிடுது. விஷம் வெச்சா மாட்டிக்குவேன். அதான்... சட்டப்படியே ஒழிச்சுடலாம்னு..."

"போன மாசத்து ஆடும் நீதானா?"

"ஆமா சார். பழைய அரிவாளால கிழிச்சேன்."

"முதுகுல சாயம்?"

மச்சான் தலை குனிந்தான்.

"வேலியோரமாக் குனிஞ்சு ஆட்டை அமுக்கிக்கிட்டிருந்தேன். இருட்டு. கம்பளிக் கோட்டு வேற. அந்தக் கிடா பின்னாடி வந்து... ஆடுன்னு நினைச்சு..."

முகத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டான்.

டாக்டர் இப்போது தானாகவே குனிந்து ஆட்டின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பல் பட்ட அடையாளமே இல்லையே! பார்த்ததும் தெரியுதே!"

"இதை முதல்லயே பார்க்கச் சொன்னேனே டாக்டர்!"

"மனு வரலையே சார்."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். தூணிலிருந்து கயிற்றை அவரே அவிழ்த்துத் தையல்காரம்மாவின் கையில் கொடுத்தார். பண்ணைக்காரர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கம்மா. திருடனை என் வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு உன் வீட்டைப் பார்த்துக் கத்தினேன்." பிறகு விருட்டென்று நிமிர்ந்தார். "சார், குட்டியோட கொன்னிருக்கான். இவனுக்கு என்ன தண்டனை?"

இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் நாய். நாயின் சங்கிலி, நாயின் சொந்தக்காரர், நாய்க்கு ஊசி. கடைசிப் பக்கம் வரை போய்ப் புத்தகத்தைப் படாரென்று மூடினார்.

"நாய் கொன்னா ஊசி. மனுஷன் கொன்னா... ஜாமீன். சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்."

"என் வீட்டுக்கேவா?" அலறினார் பண்ணைக்காரர்.

"வரட்டும்," என்றாள் தையல்காரம்மா, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டே. "இனிமே இவன் கத்தினா நான் அதட்ட மாட்டேன்."

"யோவ் ஏட்டு," இன்ஸ்பெக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஜாமீன் எழுதுய்யா. வேற வழியில்லை."

ஏட்டு மச்சானின் முதுகை ஒரு முறை நன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"எழுதறேன் சார்... ஆனா அஞ்சு மாசத்துக்கு வெளியூர் போகக் கூடாதுன்னு நிபந்தனை போட்டுடுங்க. பச்சை விழுந்திருக்குல்ல... போற இடத்துல குட்டி போட்டுட்டா?"