இடக்கை வில்

மழைக்கு ஒதுங்கிய கூட்டமெல்லாம் டெல்லி ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தின் சோதனை வரிசையில் முட்டிக்கொண்டு நின்றது. வரிசை நகரவே இல்லை. காரணம், முன்னால் நின்றவன் கையில் ஓர் ஆளுயர வில்!

"இது மெஷின்ல போகாது பையா," என்று இந்தியில் கை விரித்தார் காவலர்.

"நாடகத்துக்குண்டானது சார்..." என்று இந்தியில் தடுமாறிவிட்டு, "கர்த்தாவே!" என்று தமிழில் முணுமுணுத்தான் அவன்.

"கர்த்தர் மெதுவா வரட்டும், நீங்க ஜல்தி நகருங்க. எனக்கு ரிகர்சல் இருக்கு," என்றாள் பின்னால் நின்ற உதயா.

திரும்பினான். மழைத்துளி தங்கிய இமைகள்... அதற்குள் கோபமான இரண்டு கண்கள்!

"அப்ப இதைப் பிடிங்க, பையைத் திறந்து காட்டணும்."

இடக்கையால் வாங்கினாள். பிடியில் இருந்த சிறு வளையத்தில் அவள் வளையல் மாட்டியது. படார்! வில் இரண்டாக மடிந்து நாணில் தொங்கியது.

"அச்சா! இப்ப போகும்," என்று சிரித்தார் காவலர்.

"வில்லை ஒடிச்சவனுக்கு ராஜகுமாரிம்பாங்க. ஒடிச்சவளுக்கு யாருங்க?" என்றான் அவன்.

"நான்தான் அந்த ராஜகுமாரி!"

அவளும் அதே நாடகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அவள் அப்பா வைத்தி எழுதி, அரசராகவும் நடிக்கிற 'சுயம்வரம்'. அதற்கு வில் செய்து கொடுத்த அவன் டேவிட்சன், லிஃப்ட் கம்பெனி எஞ்சினியர், நாகர்கோவில்காரன்.

ரயிலில் அவன் விளக்கினான். "நாண் ரெண்டு முனையையும் உள்ளே இழுத்துக்கிட்டே இருக்கும். நடுவுல ஒரு குழாய், மடங்க விடாது. குழாயை நிறுத்தி வச்சிருக்கது ஒரு ஊசி. வளையத்தை இழுத்தா ஊசி வந்துரும், குழாய் நழுவும், வில்லு மடங்கிரும். பலம் எதுக்கு? எங்க இழுக்கணும்னு தெரிஞ்சா போதும்லா."

எவ்வளவு ஆசையாகச் சொல்கிறான்... உதயா வில்லைப் பார்க்கவில்லை.

"சுயம்வரமும் இப்படித்தான்," என்றாள். "பேர் என்னமோ அவளே தேர்ந்தெடுக்கறதுன்னு. போட்டியை வைக்கறது அப்பா, ஜெயிக்கறது யாரோ. மாலையைப் பிடிச்சிண்டு நிக்கறதுதான் அவ வேலை."

ஒத்திகைகள் நடந்தன. ராஜகுமாரனாக நடித்த வெங்கி, "வளையம் ஏன்யா தப்பான பக்கம் இருக்கு?" என்று தினமும் திட்டினான். டேவிட்சன் சிரித்துவிட்டு உதயாவைப் பார்ப்பான். அவள் உடனே வசனத்தை மறப்பாள்.

நாடகத்தன்று காலை லக்ஷ்மிபாய் நகர் வீட்டில் வைத்தி காபியோடு சொன்னார்: "நொய்டா பையனாத்துக்காரா முன்வரிசையில உட்காரப் போறா. மேடையிலேயே உன்னைப் பார்த்துடுவா. தனியா பெண் பார்க்கற படலம் வேண்டாம் பாரு!"

"என்னைக் கேட்கலையேப்பா?"

"கேட்க என்னடி இருக்கு?"

மாலையில் ஒப்பனை அறை வாசலில் டேவிட்சனிடம் சொன்னாள். அவன் முகம் வாடியது.

"உங்கப்பா என்னை நம்பி மேடையைக் கொடுத்திருக்கார். நான் வில்லு செய்ய வந்தவன்... என்னன்னு கேட்பேன்?"

"வேண்டாம். நான் கேட்டுக்கறேன்."

அரங்கு நிறைந்தது. அரியணையில் அமர்ந்த வைத்தி முழங்கினார்: "இவ்வில்லை ஒடிப்பவர் எவராயினும், அவர் கேட்பதை இந்த அவை மறுக்காது!"

வெங்கி மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தான். அதற்குள் உதயா மாலையைக் கீழே வைத்தாள். வில்லருகே நடந்தாள். இடக்கையால் தூக்கினாள்... கட்டைவிரல் போன இடத்திலேயே வளையம் இருந்தது!

படார்!

"தந்தையே, ஒடித்துவிட்டேன். யாரை மணப்பது என்பதை நானே சொல்வேன். இதுதான் நான் கேட்பது."

அரசர் வாயைத் திறந்தார். அது அவர் எழுதிய வசனம் அல்ல. ஆனால் மறுத்தால் பொய்யாவது அவரே எழுதிய வசனம்! முன்வரிசையைப் பார்த்தார்... மகளைப் பார்த்தார்.

"இந்த அவை... மறுக்காது," என்றார்.

கைதட்டலில் திரை விழுந்தது. உள்ளே அவர் கிரீடத்தைக் கழற்றினார்.

"நான் எழுதினதையே எனக்குத் திருப்பிட்டியேடி! யாரு?"

அவள் பக்கத் திரையைப் பார்த்தாள். அங்கே டேவிட்சன், கையில் திருப்புளியோடு, சிலைபோல.

வைத்தி பெருமூச்சு விட்டார். "அம்மாகிட்ட நீயே சொல்லு. எனக்கு அந்த வில்லை ஒடிக்கத் தெம்பில்ல." கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நொய்டாக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க நடந்தார்.

உதயா வில்லிலிருந்து வந்த ஊசியை டேவிட்சனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வளையம் எப்படி என் விரலுக்குச் சரியா இருந்தது?"

"ஸ்டேஷன்ல நீங்க இடக்கையால வாங்கினீங்க. அன்னைக்கே மாத்தி வச்சேன். வெங்கிகிட்டத் திட்டு வாங்கினதெல்லாம் அதுக்குத்தான்." அவன் குரல் இறங்கியது. "கேட்க எனக்குத் தைரியம் வரல... ஆனா நீங்கதான் ஒடிக்கணும்னு ஆசை இருந்துச்சு. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, உதயா."

கீழே கிடந்த மாலையை அவள் எடுத்தாள். இந்த முறையும் இடக்கையால்தான்.

"குனிங்க," என்றாள்.