மொட்டையனின் கோலின் மேடு

அன்று காலை மொட்டையனின் கோலின் மேடு ஒரு நெல்மணி உயரம் கூடியிருந்தது.

மொட்டையன் ஆளல்ல. உப்புத்தண்ணீரில் நாலைந்து ரசாயனங்களை அளந்து கலந்து, ஊற்றிய வாயை உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் உருண்டை. சரியாக மனிதத் தலையளவு. அடித்தளத்து ஸ்கேன் அறையில், நோயாளிகளுக்கு முன்பாகத் தினமும் முதல் ஆளாகப் படுப்பவன் அவன்தான். மூளைக் கட்டி எதைத் தின்கிறது, எதைத் துப்புகிறது என்பதை அந்த இயந்திரம் மேடும் பள்ளமுமாகக் கோடிழுத்துக் காட்டும். அதில் கோலின் என்கிற ரசாயனத்தின் மேடு குட்டை என்றால் கட்டி சாது. ஓங்கிவிட்டால் வெறிநாய். மண்டையைத் திறப்பதா, விட்டுவைப்பதா என்று டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இயந்திரம் பொய் சொல்லவில்லை என்பதற்கு மொட்டையன் சாட்சி. அவன் கோடு மாறினால் இயந்திரம் சறுக்குகிறது என்று அர்த்தம். ‘சரிசெய்’ பொத்தானைத் தட்டினால் போதும். அவனிடம் கூடியதை அன்றைக்கு வருகிற எல்லாத் தலைகளிலிருந்தும் கழித்துவிடும்.

டெக்னீஷியன் தட்டினாள். அந்தப் பொத்தானைத் தட்டித் தட்டி அவள் விரல்ரேகையே தேய்ந்து போயிருந்தது. யோசிக்க என்ன இருக்கிறது?

பிற்பகல், மொட்டையன் படுத்த அதே தலைத்தொட்டிலில் அவளுடைய அண்ணன் படுத்தான். போன மாதம்தான் அவன் தலைக்குள் கட்டியைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அவன் வாய் இருக்கிறதே, அது எமனையே உட்காரவைத்துக் கதை சொல்லி, வந்த வேலையை மறக்கடித்து அனுப்பிவிடும்.

“வாண்டு, அலமாரியில உக்காந்திருக்கானே, அவன் யாரு? நம்ம சித்தப்பா சாயல் அடிக்குதே!”

“வாயை மூடிட்டுப் படுண்ணா. அசைஞ்சா மறுபடி முதல்லருந்து.”

“எனக்காவது உள்ள கட்டி இருக்கு. அவனுக்கு அதுகூட இல்ல, பாவம்.”

மேடு குட்டையாக வந்தது. “இப்போதைக்கு அறுக்க வேண்டாம், பாத்துக்கலாம்” என்றார் டாக்டர். அண்ணி வடித்த ஆனந்தக் கண்ணீரில் ஆஸ்பத்திரியையே கழுவிவிட்டிருக்கலாம்.

மறுநாள் மொட்டையன் இன்னும் கொஞ்சம் உயர்ந்தான். தட்டினாள். அதற்கு மறுநாளும் அப்படியே. வாரக் கடைசியில் கோட்டின் வலது ஓரத்தில் ஒரு புது மேடு முளைத்தது. லாக்டேட். காற்று போதாமல் திணறும் சதைதான் அதைச் சுரக்கும். உருண்டைக்குள் யாரும் ஊற்றாத சரக்கு.

இயந்திரத்தைக் கழற்றி மாட்டிய எஞ்சினியர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மெஷின் தங்கம், மேடம். வேற உருண்டை வெச்சுப் பாத்தேன், கோடு கம்பி மாதிரி நிக்குது. உங்க மொட்டையனுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு. பூஞ்சையா இருக்கும், தூக்கிப் போடுங்க.”

இயந்திரம் சறுக்கவே இல்லை. அப்படியானால் அண்ணன் தலையிலிருந்து அவள் கழித்தது பொய்யல்ல, நிஜம். உள்ளே இருப்பது வெறிநாயாக இருந்தால்? அதை அவிழ்த்துவிட்டவள் அவள்தான்.

“இப்பவே வா” என்று அண்ணனுக்குப் போன் செய்தாள். மொட்டையனின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியில் தள்ளினாள். தொட்டபோது உருண்டை வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்த கை அவளுடையது. அந்தச் சூடு அவளுக்குத் தெரியும்.

அண்ணன் வந்தான். ஒரு கேலி இல்லை, கிண்டல் இல்லை. நேராகப் போய்ப் படுத்துக்கொண்டான். கதவு மூடியது. பேச்சைக்கூடக் கட்டியாக உறையவைக்கும் அந்தக் குளிரில், ஸ்பிரிட்டும் ரப்பர் மெத்தையும் கலந்த வாடையில், என்றைக்குமே நிற்காத குளிரூட்டும் பம்பு சுவருக்குள் அகப்பட்ட கோழிக்குஞ்சைப் போல ‘கிச், கிச்’ என்று கத்திக்கொண்டிருக்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பழைய திருத்தங்களையெல்லாம் அழித்தாகிவிட்டது. இனி வருவது கழிக்காத நிஜம்.

முதலில் படம் வந்தது.

மூளையின் மடிப்புகளைத் தேடினாள். இல்லை. வெள்ளையாக ஒரு வட்டம். வழவழவென்று.

பிறகு கோடு. கோலின் மேடு ஓங்கவில்லை. தாழவும் இல்லை. ஒவ்வொரு மேடும் அளந்து வைத்த உயரத்தில். இந்தக் கோடு அவளுக்குத் தெரியும். எத்தனை வருடக் காலைகள்! மொட்டையனின் பழைய கோடு.

உப்புத்தண்ணீர்.

மைக்கை அழுத்தினாள். “அண்ணா?”

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு பாதங்கள். அசையவில்லை.

“அண்ணா, கேக்குதா?”

“கேக்குது வாண்டு.”

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து.

“இருட்டா இருக்கு. மூச்சு முட்டுது. வாண்டு, இதைத் திறயேன்.”

அவள் திரும்பவில்லை. துண்டு சரிகிற சத்தம் மட்டும் கேட்டது. ஸ்கேன் முடிந்து, மேசை தானாக வெளியே நழுவியது. பாதம். மார்பு. முகம்.

அண்ணன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கண்கள் அவனுடையவைதான்.

மூக்குக்குக் கீழே, ஓயாமல் பேசிய அந்த வாய் இருந்த இடத்தில், உருக்கி ஒட்டிய ஒரு வழவழப்பு.