சுருக்கிய சாட்சி

விசாரணை அறைத் திரையில் செண்பகவல்லியின் வலது கை காகிதம் வெட்டும் கத்திக்கு அடியில் மறுபடியும் போனது. படம் அவ்வளவு துல்லியம். அவள் வளையலில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது.

"கை உள்ள போகாம மறைக்கிற காப்புத் தகடு பளிச்சுனு தெரியுது பாருங்க மேடம்," என்றார் அச்சக மேனேஜர் ராஜரத்தினம். "அதுக்கு அடியில இவளாத்தான் கைய விட்டிருக்கா. திமிரு."

"தகடே கிடையாது," என்றாள் செண்பகவல்லி. கட்டுப் போட்ட மணிக்கட்டு மடியில் கிடந்தது. "காலண்டர் சீசன், வேகம் பத்தலன்னு அன்னிக்குக் காலைல நீங்கதான் போன் போட்டுக் கழட்டச் சொன்னீங்க. இப்ப என் மேல பழியா?"

"படம் பொய் சொல்லுமா? நீதான் சொல்லுவ."

சிவகாசி அச்சகங்கள் அத்தனையிலும் கேமராப் பதிவைச் சுருக்கிச் சேமிக்கும் நுண்சுருக்கி வந்துவிட்டது. ஒரு வருடப் பதிவு நகக்கண் அளவு வில்லையில் அடங்கும், தெளிவு இம்மியும் குறையாது. எப்படி அடங்குகிறது என்று எவரும் கேட்கவில்லை, இடம் மிச்சமானால் போதாதா! விஷயம் இதுதான். புதிதாக அசைவதை மட்டுமே அது சேமிக்கும். அசையாமல் கிடப்பதையும் அன்றாடம் தவறாமல் நடப்பதையும் தூக்கி எறிந்துவிட்டு, திரையில் போடும்போது பழக்கத்திலிருந்து தானே வரைந்துகொள்ளும். இந்தக் கற்பனைக்குச் சட்டம் 'முதல் சாட்சி' என்ற பட்டத்தையும் கொடுத்திருந்தது.

விசாரணை அதிகாரி ஜெயசீலி படத்தை நிறுத்தினார்.

"கத்திக்குப் பின்னால டீ கிளாஸோட நிக்கிறது யாரு?"

ராஜரத்தினம் குனிந்து பார்த்தார். அவரேதான். திரையில் கை துண்டாகிறது, அவர் ஒரு வாய் டீ குடிக்கிறார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நான் அன்னிக்குக் கோயில்பட்டில இருந்தேன் மேடம். தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. என் மடியில வச்சுத்தான் குத்துனாங்க."

"யாரு சாட்சி?"

"என் சொந்தக்காரங்க எல்லாருமே."

"ஓணானுக்கு வேலி சாட்சியாக்கும். கண்ணு முன்னால கை போகுது, நிறுத்துற பட்டன் பக்கத்துலயே இருக்கு, நீங்க டீ குடிக்கிறீங்க. இதுக்குப் பேரு கவனக்குறைவு இல்ல சார். ஜெயில்."

"அது நான் இல்ல மேடம். மெஷின் தப்பாக் காட்டுது."

"அப்ப தகடு?"

ராஜரத்தினம் கணக்குப் போட்டுப் பார்த்தார். படம் பொய் என்றால் தகடும் பொய், அச்சகத்துக்கு சீல். படம் மெய் என்றால் அவருக்குக் கம்பி. பக்கத்தில் இருந்த முதலாளி தங்கவேல்சாமி அவரைவிட வேகமாகக் கணக்குப் போட்டார்.

"ரத்தினம், நீ அங்கனதான நின்ன," என்றார் முதலாளி. "கை போனதும் நாலு மணிக்குத்தான். தினமும் நாலு மணிக்கு நீ நிக்கிற இடம்தான அது. படம் சரிதான் மேடம்."

இருபது வருடம் இந்த ஆளுக்காகத் தொழிலாளிகளை நாய் மாதிரி விரட்டியவர் ராஜரத்தினம். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அறையில் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒருத்திதான். கத்தியின் முன்னால் நின்றவள் அவள். பின்னால் யாரும் இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

"ஏம்மா செண்பகம்," அவள் பக்கம் திரும்பினார். "நான் அன்னிக்கு அங்க இல்லேன்னு நீயாவது சொல்லும்மா."

செண்பகவல்லி கட்டுப் போட்ட கையை மடியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"முதல்ல நீங்க தகட்டைப் பத்திச் சொல்லுங்க மேனேஜர். அப்புறம் நான் சொல்றேன்."