சாலை நம்பாத வண்டி

பக்கத்துக் காரில் ஒருவர் சாவகாசமாக முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பின்னால் வந்த வேனில் ஒரு கல்யாணக் கூட்டம் சீட்டாடியது. நெடுஞ்சாலையில் மனிதர்கள் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பல வருடங்களாகிவிட்டன. ஏறியதும் வண்டி சீர்வேகத்தில் பூட்டிக்கொள்ளும், மற்றதைச் சாலை பார்த்துக்கொள்ளும். நான் மட்டும் சாலையையே வெறித்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

திண்டிவனம் தாண்டியதும் சீர்வேக விளக்கு அணைந்தது. வண்டி தானாக வண்டித் தொடரிலிருந்து விலகி, சாலையோர ஒதுக்குக்களத்தில் போய் நின்றது. "உங்கள் வேக உணரி நம்பத்தக்கதல்ல" என்றது குரல். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள்போல எனக்கு முகம் சுட்டது.

களத்து மெக்கானிக் ஜாஸ்மின் திரையைப் பார்த்தாள். "மூணு சக்கரம் ஒரே வேகத்தச் சொல்லுதுக்கா. இடது பின்சக்கரம் மட்டும் எகிறுது. ஒண்ணு மாறினாலும் ரோடு வெளிய தள்ளிடும்."

சென்சாரை மாற்றினாள். களத்தைச் சுற்றி மெல்ல ஓடவிட்டபோது நான்கும் ஒத்துப்போயின. சக்கரங்களைச் சோதனை உருளைமேல் ஏற்றி வேகத்தைக் கூட்டி, எதிர்க்காற்றையும் வீசவிட்டதும் பழையபடி எகிறியது.

"புது சென்சாரும் இதையே சொல்லுதுன்னா, தப்பு சென்சார்ல இல்ல" என்று அடியில் படுத்தவள், ஒரு கறுப்புக் கயிற்றோடு எழுந்தாள். நுனியில் கனத்த இரும்பு வளையம். "முடிச்சு இப்பத்தான் தளர்ந்திருக்கு. காத்து வேகத்துல இது மேல எழும்பி சென்சார் பக்கத்துல ஆடுது. இரும்பு கிட்டப் போனா அது குழம்பிடும். திருஷ்டிக் கயிறு. யாருக்கா கட்டினது?"

எனக்குத் தெரியும். போன வாரம் ஊரிலிருந்து கிளம்பும்போது அப்பா இருமிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். "டயர்ல காத்து இருக்கான்னு பாக்கறேன்" என்றார். ஓட்ட ஆளில்லாத வண்டி என்றாலே அவருக்குப் பயம். கயிறு என்று சொன்னால் நான் அவிழ்த்துவிடுவேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

"இப்ப போலாமா?"

"சாயங்காலம் வரைக்கும் ரோடு விடாதுக்கா. ஒருதடவை தப்பாச் சொன்ன வண்டி. பின்னாடி வர்றவங்கல்லாம் உங்க வேகத்த நம்பித்தான வர்றாங்க?"

"வேற வண்டில ஏத்தி விடேன்."

"ஓடற தொடர் எதுக்கும் நிக்காது."

"நானே ஓட்டிட்டுப் போறேன்."

"ஓட்டத் தெரியுமா?"

தெரியாது. என் வயதில் யாருக்கும் தெரியாது. களத்து ஓரத்தில் நின்று அழுதேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி கூப்பிட்டு, போனை அப்பாவின் காதில் வைத்தான்.

"எங்கம்மா... இருக்க?"

"வந்துட்டே இருக்கேன்பா. வண்டி கொஞ்சம் நின்னுடுச்சு."

"என்ன கோளாறு?"

கயிறு என் கையில்தான் இருந்தது. ஜாஸ்மின் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"ரோட்டுக் கோளாறுப்பா. நம்ம வண்டி சரியாத்தான் இருக்கு."

"நான் எத்தன தடவ சொன்னேன்... கேட்டியா?" மூச்சிரைப்பின் நடுவே அப்பாவின் குரலில் அப்படி ஒரு குஷி. இந்தச் சாலைக்காக அவரோடு நான் போடாத சண்டையில்லை. ஒருமுறைகூட அவரை ஜெயிக்க விட்டதில்லை.

"நீங்க சொன்னதுதான்பா சரி" என்றேன். "அத நம்பியிருக்கக் கூடாது."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானதும் தம்பி போனை வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் சாலை என்னை மறுபடி நம்பியது. அப்போது அப்பா இல்லை.